பத்து மீட்டர் போதும்



"வீட்டுக்குள் நடக்கும்போது ஒழுங்காகப் பாடுகிற ப்ளூடூத் இயர்பட்ஸ், மொட்டை மாடிக்குப் போனால் இடது காதில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. மாடியில் சுவரே கிடையாது. சிக்னல் அங்கேதானே நன்றாக இருக்க வேண்டும்?" என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மாலையில் மாடியில் நடப்பவர். போனைப் பேன்ட்டின் வலது பையில் போட்டுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். விடைக்கு வேண்டிய தடயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஐயா, சுவர் இல்லாததுதான் காரணம். ப்ளூடூத் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. அதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. இந்த அலைக்கு மனித உடம்பு பெரிய தடை. நம் உடம்பில் பாதிக்கு மேல் நீர். அதில் உப்பும் கரைந்திருக்கிறது. ஊடுருவ வருகிற அலையின் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடும். வலது பையிலிருந்து இடது காதுக்கு நேர்க்கோடு போட்டால் இடுப்பு, வயிறு, தோள் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. ஹாலுக்குள் இருக்கும்போது அலை நேராக வரவேண்டிய அவசியமில்லை. சுவரிலும் கூரையிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் காதுக்கு வந்துவிடுகிறது. மாடியில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை; போன அலை போனதுதான். மெரினா மணலில் நடந்தாலும் இதே கதைதான். போனைச் சட்டைப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

பதில் இத்தனை சிறியதுதான். ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது, இந்தப் பக்கம் முழுவதையும் இந்த விஷயத்துக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இன்று வெளியே கிளம்புகிற ஒருவரின் உடம்பில் எத்தனை ரேடியோக்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். போன், காதில் ஒன்றோ இரண்டோ, மணிக்கட்டில் கடிகாரம், பர்ஸில் மெட்ரோ அட்டை, சிலருக்குக் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார், காது கேட்கும் கருவி, கார் சாவி. ஆளைச் சுற்றி ஓரிரு அடியிலிருந்து பத்து மீட்டர் வரைக்குள் இவை தமக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் பொறியாளர்கள் பர்சனல் ஏரியா நெட்வொர்க் என்கிறார்கள். தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பில் வைஃபைக்கு 802.11 என்று ஒரு குழு உண்டென்றால், இதற்கென்றே 802.15 என்று தனிக் குழு இருக்கிறது.

இந்த எண்ணத்தின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1990களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் தாமஸ் ஜிம்மர்மேன் என்ற ஆய்வாளர், உடம்பையே கம்பியாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். உப்பு நீர் நிறைந்த உடம்பு மின்சாரத்தைக் கடத்துமே! சட்டைப் பையிலோ காலணியிலோ இருக்கிற ஒரு சிறு கருவி, உணரவே முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தை உடம்பில் செலுத்தும். இருவர் கைகுலுக்கினால் ஒருவருடைய விசிட்டிங் கார்டு விவரம் மற்றவர் கருவிக்குப் போய்விடும். 1996இல் ஐபிஎம் இதைச் செய்தே காட்டியது. கடைக்கு வரவில்லை. ஆனால் ஒருவருடைய கருவிகள் அவருடைய உடம்பின் எல்லைக்குள் பேசினால் போதும் என்ற எண்ணம் தங்கிவிட்டது. ரேடியோவுக்கு எதிரியாக மாடியில் குறுக்கே நின்ற அதே உடம்பு, இங்கே கம்பியாக இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

வென்றது வேறு பாதை. 1994இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர், போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவிலுள்ள ஒயரை எடுத்துவிடும் வேலையில் இறங்கினார். 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அறிவித்தன. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயரான ப்ளூடூத் என்பதை இந்த முறைக்கு வைத்த கதையை எல்லாரும் எழுதியாயிற்று; நான் விட்டுவிடுகிறேன். ஐவரில் நோக்கியா பிறகு நம் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தது. 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், நம் வாசகர்களில் கட்டாயம் இருப்பீர்கள்.

இனி, இவ்வளவு கருவிகளும் பேசிக்கொள்கிற இடம் யாருடையது என்ற கேள்வி. அலைக்கற்றை என்றதும் நமக்கு 2ஜி வழக்குதான் நினைவுக்கு வரும். ஏலம் விட்டுப் பல்லாயிரம் கோடிக்கு விற்கிற சரக்கு அது. எண்பதுகளின் தொடக்கம் வரை, வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்பதற்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வாங்கவேண்டியிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேட்பதற்கே அந்தக் கெடுபிடி. இன்று உங்கள் காதிலிருப்பது ஒலிபரப்பவும் செய்கிறது; யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

காரணம், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு புறம்போக்கு. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகள் ரேடியோ இரைச்சலைக் கொட்டிக்கொள்ளட்டும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். மைக்ரோவேவ் அடுப்பு இந்தப் பட்டையில்தான் வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்த இடம் என்பதால் தொலைத்தொடர்புக்காரர்கள் யாரும் பட்டா கேட்கவில்லை. 1985இல் அமெரிக்க அரசு, குறைந்த திறனில், சில விதிகளுக்கு உட்பட்டால் இங்கே யார் வேண்டுமானாலும் உரிமமின்றிப் பேசலாம் என்று திறந்துவிட்டது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைக்கு அப்படி விதி வந்தது 2005 ஜனவரியில். அந்த விதியின் சாரம் எனக்குப் பிடிக்கும்: நீங்கள் யாருக்கும் தொல்லை தரக்கூடாது, உங்களுக்குத் தொல்லை வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது. புறம்போக்கில் மாடு மேய்ப்பவருக்கும் இதைவிட வேறு சட்டம் இருந்ததில்லை.

மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான். உலகத்திலுள்ள ப்ளூடூத், பெரும்பாலான பழைய வைஃபை, ஒயர் இல்லாத மவுஸ், பொம்மை ஹெலிகாப்டர், எல்லாம் இதற்குள். காசு வாங்க ஆளில்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி வருகிறது? இரண்டு வழக்கங்களால். ஒன்று, மெல்லப் பேசு. இன்னொன்று, இடிபட்டால் ஒதுங்கு.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அதன் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சனின் குழு 1971இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பை இயக்கியது. தீவுகளுக்கு நடுவே கடல். தொலைபேசிக் கம்பியில் தகவல் அனுப்பச் செலவு அதிகம், தரமும் போதாது. ரேடியோவில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் அனுப்பட்டும் என்றார்கள். யார் எப்போது அனுப்புவது என்று முறை வைக்கவில்லை. தோன்றியபோது அனுப்பு, வந்து சேர்ந்தது என்று பதில் வராவிட்டால் மோதிவிட்டது என்று பொருள், கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. அந்தக் 'கொஞ்ச நேரம்' ஆளுக்கு ஆள், முறைக்கு முறை வேறுபட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். இரண்டு பேரும் ஒரே நேரம் காத்திருந்தால் மறுபடி மோதுவார்களே. இந்த ஏற்பாட்டில் அதிகபட்சம் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு சொல்கிறது. மீதி வீண். ஆனாலும் வேலை நடந்தது. வைஃபை இதைத் திருத்தி, பேசுமுன் காது கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லையென்றால் பேசு என்று வைத்துக்கொண்டது. அபார்ட்மென்ட்டில் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதென்றால், உங்கள் ரூட்டர் மரியாதையாக வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

ப்ளூடூத் வேறு வழி வைத்திருக்கிறது. 79 தடங்கள், ஒவ்வொன்றும் 1 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரு தடத்தில் ஒரு விநாடியில் 1600இல் ஒரு பங்கு நேரம்தான் நிற்கும். பிறகு வேறு தடம். எந்த வரிசையில் தாவுவது என்பதைத் தலைமைக் கருவியின் முகவரியையும் கடிகாரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்கின்றன. அதனால் ஒரே பேருந்தில் நாற்பது பேர் நாற்பது பாட்டுக் கேட்டாலும் ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுவதில்லை. எப்போதாவது இரண்டு ஜோடிகள் ஒரே தடத்தில் மோதினாலும் ஒரு நொடித்துளிதான். விட்டுப்போனதை மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இன்னும் ஒரு சாமர்த்தியம் சேர்ந்தது. எந்தத் தடங்களில் வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்து, அவற்றைத் தொடாமலே தாவும்.

இந்தத் தாவலை ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் கண்டுபிடித்தார், அவரே ப்ளூடூத்தின் தாய் என்று வாட்ஸப்பில் வருடத்துக்கு ஒருமுறை வரும். பாதி உண்மை. வியன்னாவில் பிறந்த அவரும், ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளரும் 1942இல் காப்புரிமை பெற்றது நிஜம். எதிரி குழப்ப முடியாதபடி டார்பிடோவை ரேடியோவில் வழிநடத்தும் திட்டம் அது. அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரேமாதிரித் தாவ, தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தலாம் என்றார்கள். பியானோவின் 88 கட்டைகளைப்போல 88 அலைவரிசைகள். போர்க் காலத்தில் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. அலைவரிசை தாவும் யோசனை அவர்களுக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியதுதான். அழகியாக மட்டுமே பார்க்கப்பட்ட ஒரு பெண் இதை யோசித்தார் என்பதே போதிய வியப்பு. இல்லாத பட்டத்தை நாம் சூட்டவேண்டியதில்லை.

இப்போது மெல்லப் பேசுவதற்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இதற்காகத்தான். சாதாரண ப்ளூடூத் கருவி ஒன்றின் ஒலிபரப்புத் திறன் 1 முதல் 2.5 மில்லிவாட். சமையலறையில் 800 வாட் மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே புறம்போக்கில். திறனில் குறைந்தது மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம். அடுப்பின் உலோகக் கூண்டு பெரும்பாலும் அடைத்துவிடும் என்றாலும், அனுமதிக்கப்பட்ட அளவு கசிவுகூட இயர்பட்ஸுக்குப் பெரும் கூச்சல்தான். பால் சூடாகும்போது பாட்டு இழுத்துப் பேசுவது அதனால். மற்ற நேரத்தில் சமாளிப்பது காதுக் கருவியின் நுட்பம். ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலே நல்ல ரிசீவர் அதைப் பிரித்துப் படித்துவிடும்.

திறனைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். கூட்டலாம், நூறு மீட்டர் எட்டுகிற ப்ளூடூத்தும் உண்டு. ஆனால் எல்லாரும் கூட்டினால் என்ன ஆகும்? பத்து மீட்டர் எட்டுகிற கருவி தன்னைச் சுற்றி 300 சதுர மீட்டருக்குச் சற்று மேலான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நூறு மீட்டர் எட்டுகிற கருவி அதைப்போல நூறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். நம் குரல் பத்து மீட்டரில் தேய்ந்துவிடுவதால்தான், அடுத்த தெருக்காரர் அதே தடத்தை அதே கணத்தில் பயன்படுத்த முடிகிறது. 83.5 மெகாஹெர்ட்ஸை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதன் ரகசியம், யாருக்கும் தூரம் எட்டாததுதான். எட்டாமை குறை என்று நினைத்தே நாம் கருவி வாங்குகிறோம். 'ரேஞ்ச் எவ்வளவு?' என்பதுதான் கடையில் முதல் கேள்வி.

வைஃபை இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. 2.4 பட்டையில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கக்கூடிய வைஃபை சேனல்கள் மூன்றே: 1, 6, 11. நாற்பது வீட்டு அபார்ட்மென்ட்டில் நாற்பது ரூட்டர்கள் முழுத் திறனில் இந்த மூன்றில் நெருக்குகின்றன. 'நடுவிலே இருக்கட்டும்' என்று 3, 4 என வைப்பவர் இரண்டு பக்கத்தாரையும் சேர்த்துக் கெடுக்கிறார். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டாது என்று புகார் சொல்கிறோம். தாண்டாததால்தான் அண்டை வீட்டு வைஃபையும் உங்கள் கூடத்துக்கு வராது. ரூட்டருக்கு அருகிலேயே டிவியும் கணினியும் இருந்தால் அவற்றை 5க்கு மாற்றிவிட்டு, 2.4ஐத் தூரத்து அறைக்கு விட்டுவையுங்கள். இதில் இன்னொரு ரசமான விவரம்: 2010இல் வந்த மின்சாரச் சிக்கன ப்ளூடூத், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்க மூன்று தடங்களை வைத்திருக்கிறது. அந்த மூன்றும் வைஃபையின் 1, 6, 11 தொடாத சந்துகளில் பார்த்து வைக்கப்பட்டவை.

வேறு சில கடிதங்களுக்கும் இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டு நன்றாகக் கேட்கிற ஹெட்செட்டில் கால் வந்தால் மட்டும் தகரக் குரல் கேட்பது பழுது இல்லை. பாட்டுக்கு ஒருவழிப் பாதை, பேச்சுக்கு இருவழி. மைக்கும் திறக்கும்போது கருவி வேறு முறைக்கு மாறி, ஒலியின் தரத்தை இறக்கிவிடுகிறது. அடுத்து, உடம்புக்குக் கெடுதலா என்று கேட்கிறவர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் வைத்தது. போதிய சான்று இல்லாதபோது, ஆனால் தள்ளிவிடவும் முடியாதபோது வைக்கும் பிரிவு அது. கவலைப்படுகிறவருக்கு ஒரு கணக்கு: 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை ஒலிபரப்பும். அதைக் காதில் ஒட்டிப் பேசுவதைவிட 2.5 மில்லிவாட் இயர்பட்ஸ் எவ்வளவோ தேவலை. என் கவலை வேறு. அந்த இயர்பட்ஸில் நம் பிள்ளைகள் வைக்கிற சத்தம். பெரியவர்களுக்கே வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல்தான் எல்லை என்கிறது அதே சுகாதார நிறுவனம்.

பத்து மீட்டரில் தேய்வதில் இன்னொரு நன்மையும் இருந்தது: அந்தரங்கம். தூரத்திலிருப்பவருக்குக் கேட்காது. இது எப்போதும் முழுப் பாதுகாப்பாக இருந்ததில்லை. 2004இல் கபீர் என்ற புழு நிரல் நோக்கியாவின் சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியே ஆளுக்கு ஆள் பரவியது. 'இந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளவா?' என்று போன் கேட்கத்தான் செய்தது. ஆர்வத்தில் 'சரி' அழுத்தியவர்களிடம் நுழைந்தது. அந்தக் காலத்தில் கல்லூரிப் பேருந்துகளில் ப்ளூடூத்துக்கு வைத்த பெயர்களையும், ஒரு பாட்டை அனுப்ப இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்ததையும் நினைத்துச் சிரிக்கிறவர்கள் இன்று நாற்பதைத் தொட்டிருப்பீர்கள்.

ஆனால் இப்போது நடப்பது வேறு. கருவியின் குரல் இன்னும் பத்து மீட்டர்தான். அதைக் கேட்கிற போனுக்கோ இணையம் இருக்கிறது. சாவியிலோ பையிலோ மாட்டுகிற தேடல் வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. அது 'நான் இங்கே' என்று மெல்லச் சொல்லும். அந்த வழியாகப் போகிற முன்பின் தெரியாத ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைச் சேர்த்து அனுப்பிவிடும். தொலைந்த பை கிடைக்கிறது; நல்லதுதான். அதே வில்லையை ஒரு பெண்ணின் கைப்பையில் ஒளித்துப் போட்டால்? அப்படிப்பட்ட புகார்கள் எழுந்த பிறகுதான், தெரியாத வில்லை கூடவே வந்தால் எச்சரிக்கும் முறையை ஆப்பிளும் கூகுளும் 2024இல் சேர்ந்து கொண்டுவந்தன. பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேதுவும் அருகில் இருந்தவர் யார் என்று அறிய ப்ளூடூத்தைத்தான் நம்பியது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்ற குறிப்பு எங்கே சேர்கிறது, எத்தனை நாள் இருக்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ரேடியோ எட்டாத தூரத்துக்கும் அந்தக் குறிப்பு எட்டும் என்பதால் அது நியாயமான கேள்வி.

வாடகைக் காரில் ஏறியதும் பாட்டுக்காகப் போனை இணைக்கிற வழக்கம் நமக்கு வந்துவிட்டது. இணைக்கும்போது 'தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ளவா?' என்று கார் கேட்கும். நாம் அவசரத்தில் 'சரி' என்போம். மாமியார் எண் முதல் மருத்துவர் எண் வரை அந்தக் காரில் பதிந்துவிடும். இறங்குமுன் காரின் பட்டியலில் உங்கள் போனின் பெயரைத் தேடி நீக்கிவிடுங்கள். சொந்தக் காரை விற்கும்போது ஆர்சி புத்தகம் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழைய ஸ்பீக்கரையோ கடிகாரத்தையோ யாருக்காவது கொடுக்கும்போதும்தான். எப்படி நீக்குவது என்று தெரியாதவர்கள் காரின் மாடலைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தொழில்நுட்பப் பகுதி நண்பர்கள் அடுத்த இதழில் படம் போட்டு விளக்குவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்